பின்சாய்வு என்னும் பிரமை

ஆழ்ந்த பனியில் சறுக்கி இறங்குகிறவன் சரீரத்தைப் பின்னால் சாய்த்து, பாரத்தைக் குதிகாலில் ஏற்றி, ஸ்கீ பலகைகளின் முனைகளைப் பனிக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும் என்னும் உபதேசம், ஆஸ்திரியாவின் செயின்ட் ஆன்டனிலும், பிரான்சின் ஷமொனியிலும், காஷ்மீரத்துக் குல்மார்கிலும், சீரமைத்த தடத்தை விட்டு முதன்முதலாக விலகுகிறவர்களின் காதில் இன்றும் ஓதப்பட்டு வருகிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுவதாலும், முனை புதைந்து குப்புற விழுந்தவனுக்கு உடனடியாக ஒரு தைரியத்தைக் கொடுப்பதாலும், அதை யாரும் பரீட்சித்துப் பார்ப்பதில்லை. அது பிழையான உபதேசம். கனத்த பனியிலும், அடிக்கு அடி தன்மை மாறும் பனியிலும் அபாயகரமான உபதேசமும் ஆகும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முனை எதனால் மேலெழுகிறது என்பதை முதலில் ஆராய வேண்டும். பலகையின் நடுவில் பாரம் இறங்கும்போது, அங்கே பனி அதிகமாக அமுங்குவதால் பலகை வளைந்து, அதன் முனை தானாகவே நிமிர்கிறது. அத்துடன் வேகமும் சேருமானால், அடியில் நெருக்குண்ட பனி பலகையை மேலே தாங்கிக் கொள்கிறது. இந்தக் காரியத்தில் முதுகுக்கு வேலையே இல்லை. பின்னால் சாய்ந்தவனுக்கு நேர்வது என்னவென்றால், வால் பகுதி ஆழப் புதைந்து, தடையைப் பெருக்கி, எந்த வேகத்தை நம்பி முனை எழ வேண்டுமோ அந்த வேகத்தையே தின்றுவிடுகிறது. புதைந்த வாலைத் திருப்பவும் முடியாமல், பாரமிழந்த முனையைக் கொண்டு திசையை மாற்றவும் முடியாமல், நாற்காலி இல்லாமலே உட்கார்ந்திருப்பவனைப் போல, அவன் தொடைகள் நடுங்க இறங்குகிறான். தன் கால்களுக்குப் பலம் போதவில்லை என்று அவன் எண்ணிக்கொள்வதுதான் பரிதாபம்.

பனி ஒரே சீராக இருக்கும் இடத்தில் இந்தப் பிழையை ஓரளவு சகித்துக்கொள்ளலாம். ஆனால் மலை அப்படி இருப்பதில்லை. குல்மார்கின் கோண்டோலா என்னும் கம்பிவட வண்டி, ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்துப் புல்வெளியிலிருந்து, அபர்வத் மலையின் தோள்மேல் 4,000 மீட்டரை நெருங்கும் உயரத்தில் ஆளைக் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து இறங்கும் ஒரே இறக்கத்தில், உச்சியருகே காற்று அடித்து இறுக்கிய பனியும், அதன் கீழே திறந்த சரிவுகளில் மென்மையான பனியும், அதற்கும் கீழே ஊசியிலைக் காட்டின் இடைவெளிகளில் வெயில் பட்டுக் கனத்த பனியும் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும். புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோகூட இராது. காற்று இறுக்கியதோ 300 கிலோவைத் தாண்டுவதுண்டு. கடினமான பகுதியில் பலகை, பின்சாய்ந்தவனுடைய உடலை விட்டு முன்னே ஓடிவிடுகிறது; மறுகணம் கனத்த பகுதியில் புகுந்து பலகை தயங்கும்போது உடல் முன்னே எறியப்படுகிறது. ஏற்கனவே முழங்கால்களை முழுவதும் மடக்கிவிட்டவனிடம் இந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளக் கால்களில் அசைவு ஏதும் மிச்சமில்லை. உள்ளங்கால் முழுவதிலும் பாரம் பரவ, கணுக்கால் மடங்கி, கணைக்காலின் முன்புறம் பூட்ஸின் முன்பகுதியை இலேசாகத் தொட நிற்பவனுக்கோ முன்னும் பின்னும் மேலும் கீழும் அசைய இடம் இருக்கிறது.

இந்தப் பிரமை காரணமில்லாமல் தோன்றவில்லை. இரண்டு மீட்டருக்கு மேல் நீளமும், நடுவில் 70 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமும் கொண்ட பழைய பலகைகள் மெய்யாகவே முனை புதைந்தன. பிற்பாடு ஜார்ஜ் ஜூபேர் என்னும் பிரெஞ்சு ஆசான், மேடுகளைக் கால்களை மடக்கி உள்வாங்கும் முறையை விளக்கியபோது, அவர் கூறிய அசைவை விட்டுவிட்டு, அதில் தெரிந்த உட்கார்ந்த கோலத்தை மட்டும் பலர் பிடித்துக்கொண்டார்கள். 1980களின் இறுதியில் அட்டாமிக் நிறுவனம் அகலமான பலகையைச் செய்தது; 2002இல் ஷேன் மக்காங்கி என்னும் சறுக்கு வீரரின் யோசனைப்படி முனையும் வாலும் மேல்நோக்கி வளைந்த வோலண்ட் ஸ்பாட்டுலா என்னும் பலகை வெளிவந்தது. கருவிகள் இவ்வளவு மாறிய பின்னும் உபதேசம் மாறாதிருப்பதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

ஏனெனில் இதன் விலையை முழங்கால் கொடுக்கிறது. எட்லிங்கர், ஜான்சன், ஷீலி என்னும் மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1995இல் வெளியிட்ட கட்டுரையில், ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார் கிழிவதற்கு முந்திய நிலையை வர்ணித்தார்கள்: சமநிலை பின்னால் தவறியிருக்கும், இடுப்பு முழங்காலுக்கும் கீழே தாழ்ந்திருக்கும், பாரம் கீழ்ப்பக்கத்துப் பலகையின் வாலில், அதன் உள்விளிம்பில் குவிந்திருக்கும். சாயச் சொல்கிறவர்கள் தம் சீடர்களை அழைத்துச் செல்வது இந்த நிலைக்கு வெகு சமீபத்திலேதான்.

வேகம் சட்டென்று குறையும் இடத்தில் பாதங்களைக் கணநேரம் முன்னே தள்ளுவது அவசியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பாதங்களின் அசைவு, அடுத்த கணமே இடுப்பு அவற்றின்மேல் வந்து சேர்ந்துவிட வேண்டும். கற்பிக்கிறவர்கள் முதல் நாளிலேயே, செங்குத்தல்லாத ஒரு சரிவில், இரு பலகைகளிலும் சமமாகப் பாரம் வைத்து நேரே ஓடவிட்டு, மெல்ல எழுந்தும் தாழ்ந்தும் அந்தப் பாரத்தின் தாளத்தை உணரச் செய்யட்டும். பிறகு அவசரமில்லாத பெரிய வளைவுகளைப் பழக்கட்டும். மிதித்தால் உடையும் பனி எதிர்ப்பட்டால், எழும்பி இரு பலகைகளையும் ஒருசேர வெளியே எடுத்துத் திருப்பக் கற்றுக்கொடுக்கட்டும். அதற்கும் பலம் போதாதவன் குறுக்கே சறுக்கிப் போய், நின்று, பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் திருப்பி வைத்து மறுபடி குறுக்கே போவதில் வெட்கத்துக்கு இடமில்லை என்பதையும் சொல்லட்டும்.