செவிமடுப்பதும் ஒரு கல்வியே

மணவாழ்வின் விரிசல், பிள்ளைகளின் தேர்வு அச்சம், தந்தை வளைகுடாவிலும் தாய் ஊரிலுமாகப் பிரிந்து வாழும் குடும்பங்களின் மனச்சுமை ஆகிய யாவும் முதலில் வந்து சேர்வது ஜமாஅத் நிர்வாகிகளிடமும் இமாமிடமும்தான். அங்கே தீர்ப்பு கிடைக்கிறது, அறிவுரை கிடைக்கிறது. பொறுமையுடன் செவிமடுக்கப் பயின்ற ஒருவர் கிடைப்பதே அரிது.

ஆகவேதான், ஆசிரியர், செவிலியர், வழக்குரைஞர், ஆலிம், ஆலிமா எனப் பல துறைகளில் இருக்கும் நம்மவர்கள் உளவள ஆலோசனையில் முதுநிலைக் கல்வி பெற முன்வர வேண்டும் என்கிறோம்.

‘இருபது ஆண்டு அனுபவம் இருக்கையில் படிப்பு எதற்கு?’ எனக் கேட்கப்படலாம். அனுபவம் பெருஞ்செல்வமே. ஆயினும் ஒவ்வொரு தொழிலும் ஒரு பழக்கத்தையும் படியச் செய்துவிடுகிறது. ஆசிரியர் திருத்துவார், வழக்குரைஞர் வாதிடுவார், ஆலிம் சட்டம் சொல்வார். ஆலோசகரோ இவற்றை ஒத்திவைத்து, எதிரில் இருப்பவர் தம் வழியைத் தாமே கண்டறியத் துணைநிற்க வேண்டும். இத்திறன் நூல்களால் மட்டும் வாய்ப்பதன்று. மூத்தோர் மேற்பார்வையில் பயில்வதால் வாய்ப்பது.

உளூ நிறைவேறியதா என்ற ஐயத்தில் மணிக்கணக்காகக் கைகால்களைக் கழுவிக்கொண்டேயிருக்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். வஸ்வாஸ் என்று மட்டும் கூறி அவரை அனுப்பிவிடுவோர் உண்டு. அது எண்ணச் சுழற்சி நோயாகவும் இருக்கக்கூடும். இத்துறையைப் பயின்ற இமாம் மார்க்கம் தரும் சலுகையையும் எடுத்துரைப்பார்; மனநல மருத்துவரிடமும் அனுப்பிவைப்பார். தம் எல்லையை அறிவது இக்கல்வியின் பெரும்பயன்.

இது நமக்கு அந்நியமானதும் அன்று. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலம் பேசிய தம் நூலிலேயே உள்ளத்தின் நலத்திற்கும் தனிப் பகுதி வகுத்தார்.

சேர விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூலை, ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துள்ளது. மனிதரோடு இருந்து கற்க வேண்டியதை அஞ்சல்வழி கற்பது கடினம் என்பது உண்மையே. ஆனால், வேலையை விட இயலாதோருக்கும் வெளியூர் செல்ல இயலாத பெண்களுக்கும் இதனால் ஒரு வாசல் அடைபட்டிருக்கிறது. அவ்வாசலை ஜமாஅத்துகள் திறக்கலாம். ஆண்டுக்கு ஒருவருக்கேனும், குறிப்பாக ஒரு பெண்ணுக்கு, கல்விக் கட்டணத்தோடு அக்காலத்துக் குடும்பச் செலவையும் ஏற்கலாம்.

பிறர் நம்மிடம் கொட்டும் துயரம் அமானிதம். அதைக் காக்கப் பயின்றவர்களை உருவாக்குவது நம் பொறுப்பு. அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!