எட்டு மணி நேரம்

1936 ஜூலை 30 அன்று நம் புதுவையில் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சு ஆட்சியினரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். அவர்கள் கோரியவற்றுள் எட்டு மணி நேர வேலையும் ஒன்று. மறு ஆண்டே அது சட்டமாயிற்று. அளவிறந்த உழைப்பு மனிதனின் அறிவை மழுங்கச் செய்யும் என்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே எச்சரித்திருந்தார். அறிவு மழுங்கிய நிலையில் இயந்திரத்தின் முன் நிற்பவன் இழப்பது விரலாகவும் இருக்கலாம், கையாகவும் இருக்கலாம்.

இன்றோ, பகல் முறை முடித்த மகன் இரவு முறைக்கும் நிற்கிறான். மிகைநேரக் கூலி கடன் தவணைக்கு உதவுகிறதென்று நாமும் வாளாவிருக்கிறோம். ‘கவனமாயிரு’ என்று சொல்லி அனுப்பினால் நம் கடமை தீர்ந்ததாம்! உறக்கமற்ற கண்களுக்குக் கவனம் எங்கிருந்து வரும்? பெற்றோரே, சம்பளத்தை எண்ணுமுன், அவன் எத்தனை மணி நேரம் உறங்கினான் என்று கேளுங்கள். இயந்திரத்தின் காப்பு மூடி அதனதன் இடத்தில் உள்ளதா, வேலை விரைவுக்காகக் கழற்றி வைக்கப்பட்டுள்ளதா என்றும் கேளுங்கள்.