கிடங்கை அறிந்தவனைக் கேட்டனரா?

பெட்டி பெட்டியாய் மிட்டாய் குவிந்து கிடந்தது. கடைக்காரரோ வழிமேல் விழி வைத்துக் காத்துக் கிடந்தார்! சரக்கு உண்டு, சரக்கு வரவில்லை! கற்பனையல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சாக்லேட் நிறுவனமாம் ஹெர்ஷியில், 1999ஆம் ஆண்டு நடந்தது.

அங்கே பழைய மென்பொருள்கள் பலவாகச் சிதறிக் கிடந்தன. ஆர்டர் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம், கிடங்கு மற்றொரு பக்கம். 2000ஆம் ஆண்டு பிறந்தால் கணிப்பொறிகள் தேதியைத் தவறாகப் படிக்கும் என்ற அச்சம் வேறு. மாற்றத்தான் வேண்டும், மறுப்பாரில்லை. புதுப்பொறி என்றதும் புருவம் நெரிப்போர் நம் பாசறையிலும் உண்டு. அவர்கட்குச் சொல்வேன்: ஒரே விவரத்தை மூன்று மேசைகளில் மும்முறை எழுதுவதால் தொழிலாளி வாழ்ந்துவிட மாட்டான்!

ஆனால், எப்படி மாற்றினர்? செலவு 11 கோடியே 20 இலட்சம் டாலர். எஸ்.ஏ.பி., சீபெல், மனுஜிஸ்டிக்ஸ் எனும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களையும் ஒருசேர ஏற்றினர். 48 மாதப் பணியை 30 மாதத்தில் முடிக்கச் சொன்னது நிருவாகம். ஜூலையில் திரை தூக்கினர் — ஹாலோவீன் விழாவுக்கான ஆர்டர்கள் வந்து குவியும் வேளையில்! நான் நாடகக்காரன், ஒத்திகையைச் சுருக்கிய குழு மேடையில் படும் பாட்டைப் பட்டே அறிந்தவன்.

விளைவு? ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப இயலவில்லை. அக்காலாண்டின் இலாபம் 19 விழுக்காடு சரிந்தது.

இவற்றினும் என் நெஞ்சைத் தைத்தது ஒரு சிறு செய்தி. விழாக்காலச் சரக்கு பெருகிக் கிடங்கு நிரம்பினால், ஆலையின் அறைகளிலும் தற்காலிக இடங்களிலும் பெட்டிகளை அடுக்குவது அங்கே வழக்கம். ஏட்டில் ஏறாத வழக்கம். அடுக்கிய கைகள் அறிந்த வழக்கம். அந்த இடங்கள் புதுப் பொறியில் பதியப்படவில்லை. திரை 'இல்லை' என்றது, அறையிலோ இருந்தது! பெட்டி தூக்குபவனை அழைத்து, "தம்பி, எங்கெங்கே வைக்கிறீர்கள்?" என்று கேட்க எத்தனை டாலர் ஆகும்?

அதே ஹெர்ஷி 2002இல் அந்த மென்பொருளின் அடுத்த பதிப்புக்கு மாறியது. சோதனைக்கு இம்முறை நேரம் ஒதுக்கினர், சரக்கு தடைபடவில்லை.

ஆலைத் தோழர்களே! உங்கள் வாயிலுக்கும் ஒருங்கிணைந்த மென்பொருள் வரும். மறிக்காதீர். நாள் குறிக்கும் குழுவில் கிடங்குத் தொழிலாளிக்கு ஓர் இருக்கை கேளுங்கள். சோதனையில் அவன் 'சரி' என்று கையொப்பமிடாமல் பழைய பொறியை நிறுத்தக் கூடாதென்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பொறி பிழைத்தால் முதற்பழி அவன் தலையில்தானே விழப்போகிறது!