மடியில் கனமில்லை என்பவர்களுக்கு

சேலம் மாவட்டம் ஆத்தூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள செல்போன் கடைகளில், புதுப் போன் வாங்க வருபவர் பெரும்பாலும் அதைத் தானே திறப்பதில்லை. கடைப் பையன்தான் சிம்மைப் போட்டு, ஜிமெயில் தொடங்கி, வாட்ஸ்அப் ஏற்றித் தருகிறான். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, படங்களைப் பார்க்கலாமா, இருக்கும் இடத்தை அறியலாமா என்று திரை கேட்கக் கேட்க, அவன் கட்டைவிரல் 'அனுமதி'யை அழுத்திக்கொண்டே போகிறது. வாங்கியவர் கொஞ்சம் தயங்கினால் பதில் தயாராக இருக்கிறது: "நம்மகிட்ட என்னங்கண்ணா இருக்குது, எடுத்துட்டுப் போறதுக்கு?"

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை. தப்பு செய்யாதவனுக்குப் போலீஸ் போனைப் பார்த்தால் என்ன, கம்பெனி பார்த்தால் என்ன? படித்தவர், பாமரர் என்ற வேறுபாடு இல்லாமல் தமிழ்நாடு முழுவதும் இந்த எண்ணம் வேரோடியிருக்கிறது. இது தவறான எண்ணம். நம்புகிறவரை மட்டுமல்ல, அவரை நம்பியவர்களையும் சேர்த்துக் கெடுக்கிற எண்ணம்.

ஏனென்றால் அந்த மடி ஒருவருடையது அல்ல. ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி விவசாயி ஒருவரின் போனில் இருக்கக்கூடிய பெயர்களை நினைத்துப் பார்க்கலாம்: சேகோ ஃபேக்டரி ஓனர், தலைவாசல் மண்டி, குழு லீடர் அக்கா, பால் சொசைட்டி, சம்பந்தி, எலும்பு டாக்டர். இவர்களில் யாரும் தங்கள் எண்ணை முகம் தெரியாத நிறுவனத்துக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. ஒரே அழுத்தலில் அத்தனை பேரும் அங்கே போய்ச் சேர்கிறார்கள். பேஸ்புக் பயனர்களின் தகவல் ஒரு செயலி வழியே கைமாறிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தபோது, 2018-இல், பேஸ்புக் நிறுவனமே ஒரு கணக்குச் சொன்னது. தகவலை அள்ளிய அந்தச் செயலியை இந்தியாவில் ஏற்றிக்கொண்டவர்கள் 335 பேர். தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் செய்த ஒரே காரியம், அந்தச் செயலியை ஏற்றிய யாரோ ஒருவருக்கு நண்பராக இருந்ததுதான்.

கடன் செயலிகள் இதையே தொழிலாக்கின. கொரோனா ஊரடங்கில் வருமானம் போனவர்களுக்குச் சில நிமிடங்களில் ஐயாயிரம், பத்தாயிரம் கொடுத்தன. நகையோ பத்திரமோ கேட்கவில்லை. போனில் இருந்த எண்களும் படங்களுமே அடமானம். தவணை தவறியதும் மாமனாருக்கும் முதலாளிக்கும் "இவர் மோசடிக்காரர்" என்று செய்தி போனது. முகத்தை வெட்டி ஒட்டிய ஆபாசப் படங்கள் உறவினர்களின் வாட்ஸ்அப்புக்குப் போயின. அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு, இப்படியொரு வழக்கில் சீன நாட்டவர் இருவர் உட்பட நான்கு பேரைக் கைது செய்தது. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது 2022 செப்டம்பரில்தான். அவசரத்துக்குக் கைமாற்று வாங்கியவர்கள் மறைக்க வேண்டிய குற்றம் எதையும் செய்திருக்கவில்லை.

சேலம் மாவட்டத்துக்கு இதைவிடப் பழைய காயம் ஒன்று உண்டு. 2016 ஜூனில் இளம்பிள்ளை அருகே, 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவரின் முகத்தை ஆபாசப் படத்தோடு இணைத்து பேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கே போய்ப் புகார் கொடுத்தது. விசாரிக்க வேண்டிய சைபர் பிரிவுக் காவலர், அந்தக் குடும்பத்திடம் ஒரு செல்போனை லஞ்சமாக வாங்கினார். நடவடிக்கை வருவதற்குள் இன்னொரு படமும் வந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு சந்தேகத்துக்குரியவர் கைதானார், காவலர் சஸ்பெண்ட் ஆனார், கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்ணின் மடியில் என்ன கனம் இருந்தது?

போலீஸ் குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்பார்கள். நிச்சயம் பிடிக்க வேண்டும். கொலை வழக்கில் செல்போன் டவர் விவரமும் அழைப்புப் பட்டியலும் துப்புக் கொடுப்பது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. கேள்வி வேறு: எடுக்கலாம் என்று சொல்வது யார்? அமெரிக்காவில் ஒருவர் நாள் கணக்கில் எங்கெங்கே போனார் என்ற செல்போன் பதிவைப் பெற, நீதிபதியின் வாரண்ட் தேவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. இங்கே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவின் கீழ், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே எழுத்துப்பூர்வ உத்தரவு போட்டு மின்னணு ஆவணங்களையும் கருவிகளையும் கேட்கலாம். பேச்சை ஒட்டுக்கேட்பதற்கும் நீதிபதி தேவையில்லை, உள்துறைச் செயலாளர் போதும். 2018 டிசம்பர் 20 அன்று மத்திய உள்துறை ஒரே ஆணையில் பத்து அமைப்புகளுக்குக் கணினித் தகவல்களை இடைமறிக்கும் அதிகாரம் கொடுத்தது.

ஒட்டுக்கேட்கும் இந்த அதிகாரம் எப்படிப் பயன்படுகிறது என்பதை சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு தனியார் கல்வி நிறுவன நிர்வாக இயக்குநரின் போனை ஒட்டுக்கேட்க 2011-இல் உள்துறை போட்ட உத்தரவை நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். லஞ்ச வழக்குதான். ஆனாலும் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் பொது அவசர நிலைக்கும் பொதுப் பாதுகாப்புக்கும்தான் இடம் தருகிறது, சாதாரணக் குற்றத்தைத் துப்பறிய அல்ல என்றார். ஒட்டுக்கேட்டதைச் சட்டப்படி மறு ஆய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை. அந்த உத்தரவு செல்லாது என்று தெரிய 14 ஆண்டுகள் ஆயின. வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவருக்கே இந்த நிலை என்றால், தலைவாசல் மண்டியில் மூட்டை தூக்குபவர் எங்கே போவார்?

பெரிய பதவியும் காப்பாற்றவில்லை. 2013-இல் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜெட்லியின் அழைப்புப் பட்டியலை முறைகேடாகப் பெற முயன்றதாக டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவர் கைதானார். உயரதிகாரியின் அலுவலக மின்னஞ்சலிலிருந்தே கோரிக்கை போயிருந்தது.

தவறு செய்யாதவரைத் தகவல் எப்படிக் குற்றவாளியாகக் காட்டும் என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஓர் உதாரணம் உண்டு. கெய்ன்ஸ்வில் நகரில் 2019 மார்ச்சில் ஒரு மூதாட்டியின் வீட்டில் திருட்டு நடந்தது. அன்று அந்த வீட்டருகே இருந்த போன்களைக் காட்டச் சொல்லி போலீஸ் கூகுளிடம் கேட்டது. அடிக்கடி அந்தத் தெருவழியாக உடற்பயிற்சிக்காக சைக்கிள் ஓட்டிய இளைஞர், ஒரு மணி நேரத்தில் மூன்று முறை அந்த வீட்டைக் கடந்திருந்தார். சைக்கிள் ஓட்டிய தூரத்தைக் கணக்கிடும் செயலிதான் அவரைச் சந்தேக வளையத்தில் நிறுத்தியது. பெற்றோரின் சேமிப்பை எடுத்து வழக்கறிஞர் வைத்த பிறகே அவர் தப்பினார். மடியில் இருப்பது கனமா இல்லையா என்பதை மடிக்காரர் முடிவு செய்வதில்லை. எடுத்துப் பார்ப்பவர்தான் முடிவு செய்கிறார்.

சேர்த்து வைத்த தகவலைக் காக்கவாவது அரசால் முடிகிறதா? 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு போன் எண்ணைத் தட்டினால், கோவின் தளத்தில் தடுப்பூசிக்காகக் கொடுத்த விவரங்கள் வந்து விழுந்தன. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியாள் நுழைந்தார்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் பிறகு வந்த 2023-ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம், நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் வைக்கிறது. அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தான் விரும்பும் அரசு அமைப்பை அறிவிக்கை மூலம் முழுவதுமாக விலக்கிவிட மத்திய அரசுக்கு வழி வைத்திருக்கிறது. இந்தக் கதவை மூட வேண்டும். ஒட்டுக்கேட்பதற்கும் இருப்பிடப் பதிவுக்கும் நீதிபதியின் கையெழுத்து கட்டாயமாக வேண்டும். வழக்கு முடிந்த பின்னாவது, உன் போனைப் பார்த்தோம் என்று உரியவருக்குச் சொல்ல வேண்டும். கேட்டால் நடக்காது என்பதும் இல்லை. எல்லாப் புதுப் போன்களிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை ஏற்றியே விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அது வெளியே தெரிந்து எதிர்ப்புக் கிளம்பியதும், டிசம்பர் முதல் வாரத்திலேயே அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது.