மயக்கம் தெளிந்ததும் என்ன ஆகும்? முன்கூட்டியே சொன்னால் என்ன?

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. பயப்பட ஒண்ணும் இல்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போகிறார். சொந்தக்காரர்களுக்கு உயிர் வந்தது போல் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் நோயாளியை வார்டுக்குக் கொண்டு வருகிறார்கள். உடம்பு வெடவெட என்று நடுங்குகிறது. வாந்தி எடுக்கிறார். "நான் எங்க இருக்கேன்?" என்று நாலு தடவை கேட்கிறார்.

"ஐயையோ! என்னமோ ஆயிடுச்சே!" என்று ஒரே கூப்பாடு. நர்சுடன் சண்டை. வார்டே அமர்க்களப்படுகிறது.

பல ஆஸ்பத்திரிகளில் நடக்கும் கூத்து இது. தப்பு நோயாளி மேலும் இல்லை, நர்ஸ் மேலும் இல்லை. முன்கூட்டியே யாரும் வாயைத் திறந்து சொல்லாததுதான் தப்பு.

100-க்கு 30 பேர்

மூச்சோடு உள்ளே போகும் மயக்க வாயு ரத்தத்தில் கலந்து மூளையை உறங்க வைக்கிறது. ஆபரேஷன் முடிந்ததும் அதே மூச்சு வழியாக வெளியேறுகிறது. அது முழுக்கப் போகும் வரை தொல்லை இருக்கத்தான் செய்யும்.

தடுப்பு மருந்து கொடுக்காவிட்டால் 100 பேரில் சுமார் 30 பேருக்கு குமட்டலோ வாந்தியோ வரும். பெண்களுக்கும், பஸ்சில் ஏறினாலே வாந்தி எடுப்பவர்களுக்கும் இது அதிகம். அதை முதலிலேயே சொன்னால் டாக்டர் தடுப்பு மருந்து கொடுத்து விடுவார்.

மயக்கத்தில் உடம்புச் சூடு குறைவதால் நடுக்கம் வரும். போர்வை போர்த்தி, சூடு கொடுத்தால் அடங்கி விடும். மூச்சுக்குழாயில் டியூப் போட்டதால் தொண்டை வலிக்கும்.

வயதானவர்கள் சிலர் ஓரிரு நாள் உளறுவதும் உண்டு. "பேய் பிடிச்சுடுச்சு" என்று மந்திரிக்க ஓட வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் போதும்.

இட்லியே எமன்!

"வெறும் வயித்தோட போகக் கூடாது" என்று பாசத்தோடு திருட்டுத்தனமாக இட்லி ஊட்டுகிறவர்கள் உண்டு. மயக்கத்தில் அந்த இட்லி மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் 6 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்கிறார்கள். "சாப்பிடாதே" என்று அதட்டுகிறவர்கள் காரணத்தையும் சொன்னால் யார் ஊட்டப் போகிறார்கள்?

வாய் திறந்தவன் பிழைத்தான்

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரில் கால் உடைந்து வந்தான் ஒரு வாலிபன். காலைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தான். ஈதர் கொடுத்ததில் தன் சொந்தத்தில் 10 பேர் செத்துப் போனதாகச் சொன்னான். டாக்டர்கள் அலட்சியப்படுத்தவில்லை. ஈதரை விட்டு, அப்போது புதிதாக வந்திருந்த ஹாலோத்தேன் வாயுவைக் கொடுத்து, கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. உடனே வாயுவை நிறுத்தி, ஐஸ் வைத்துக் காப்பாற்றினார்கள்.

1960-ல் இது மருத்துவ இதழில் வெளிவந்தது. அபூர்வமான, பரம்பரையாக வரும் கோளாறு அது. இன்று அதற்கு மருந்தே இருக்கிறது. ஆனால் குடும்பத்தில் யாராவது மயக்க மருந்தில் இறந்திருந்தால், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டியது நோயாளிதான்.

கையெழுத்து ஜாக்கிரதை

வீட்டுக்கு அனுப்பி விட்டாலும் 24 மணி நேரம் ஸ்கூட்டர் சாவியைத் தொடக் கூடாது. செக், பத்திரம் எதிலும் கையெழுத்து கூடாது. புத்தி முழுசாகத் தெளிந்திருக்காது.

ஆபரேஷனுக்கு முன்னால் "இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு" என்று கையெழுத்து வாங்க நேரம் இருக்கிறது. மயக்க டாக்டர் முதல் நாள் வந்து 5 நிமிஷம் பேச நேரம் இல்லையா? இதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்கு என்ன செலவாகி விடும்?

மயங்க வேண்டியவர் நோயாளி. கூட வந்தவர்கள் அல்ல!