ஓர் அறைக்கு எத்தனை கேள்விகள்!

கிளிநொச்சிக்கு இடமாற்றம் பெற்று வரும் ஓர் ஆசிரியை முதலில் தேடுவது பாடசாலையை அன்று. தலை சாய்க்க ஓர் அறையை. இதனை அவருடைய சொந்தக் கஷ்டமென்று தள்ளிவிட நாம் ஆயத்தமாயில்லை.

படலையைத் தட்டியதும் எழும் முதற் கேள்வி வாடகையைப் பற்றியதன்று. "எந்த ஊர்? ஆருடைய பிள்ளை?" என்பதே அது. இதன் உட்பொருளை அறியாத தமிழர் எவருமிலர். சாதியை வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுவோர் ஊரின் பெயரால் கேட்கின்றனர்! அதிலே தேறினாலும், தனித்து வாழும் பெண் என்பது அடுத்த குற்றமாகின்றது. யாவற்றையும் கடந்தால், ஆறு மாதமோ ஒரு வருடமோ முற்பணம். பற்றுச்சீட்டு மட்டும் கிடையாது.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம், தனக்குட்பட்ட குடியிருப்பு வீடுகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் பெறலாகாது என்று விதித்தது. அச்சட்டம் எட்டாத வீடுகள் பல உண்டு. சட்டம் எட்டாவிடினும் நியாயம் எட்ட வேண்டாமா?

இவ்வாறு கேட்கும் நகர் எது? இரணைமடுக் குளத்து நீரை நம்பி வேற்றூர்களிலிருந்து வந்த குடியேறிகளால் வளர்ந்த நகரன்றோ! 1995 இல் குடாநாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது வன்னியின் வளவுகள் அவர்களை ஏற்றன. 2007 யூனில் கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றியபோது நாம் கொதித்தெழுந்தோம். உயர் நீதிமன்றமும் அதனைத் தடுத்தது. பிறர் நமக்குச் செய்தால் அநீதி. நாம் நம்மவர்க்குச் செய்தால் வழக்கமா?

வீட்டுக்காரரின் அச்சத்தையும் நாம் மறுக்கவில்லை. கடன்பட்டுக் கட்டிய வீட்டிலே வாடகை நிலுவையாகுமோ, குடியிருப்பவர் எழும்ப மறுப்பாரோ என்ற கவலை இயல்பே. அதற்கு மருந்து எழுத்திலமைந்த உடன்படிக்கை; குலவிசாரணையன்று.

கமக்காரப் பெருமக்களே! கணிதம் படிப்பிக்க வந்தவர் அறையின்றி இடமாற்றம் கேட்டுச் சென்றால் நட்டம் யாருக்கு? வசதியுள்ளவர் தம் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவர். உங்கள் பிள்ளை எங்கே போகும்?

ஆதலால் நாம் வேண்டுவது இதுவே: நடத்தையைக் கேளுங்கள், வாடகை கட்டும் வல்லமையைக் கேளுங்கள், ஊரைக் கேளாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் முற்பணம் பெறாதீர்கள், பற்றுச்சீட்டைக் கொடுங்கள். நம் படலையைத் திறக்க எந்த அரசின் அனுமதியும் நமக்கு வேண்டியதில்லை.