தொட்டி மிளகாயும் பொட்டலத் தூளும்

எங்கள் மொட்டை மாடியில் நாலு மிளகாய்ச் செடிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துச் சிரிக்காத விருந்தாளி அபூர்வம். போன மாதம் வந்த நண்பர், "ஏன் ஸார், நாலு காசுக்குக் கை நிறையக் கிடைக்கிற சாமானுக்கு இவ்வளவு பாடா?" என்றார். அவர் கணக்கில் புலி. தொட்டி, மண், எரு எல்லாவற்றையும் கூட்டி, ஒரு மிளகாய் எனக்கு என்ன விலை விழுகிறது என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கூட்ட மறந்த தொகை ஒன்று உண்டு.

அவர் வீட்டில் மிளகாய் என்றால் பொட்டலத் தூள். நல்ல சிவப்பாக இருந்தால் நல்ல தூள். இந்த நம்பிக்கையில்தான் கலப்படக்காரன் மாளிகை கட்டுகிறான். மெழுகுக்கும் பாலிஷுக்கும் நிறமேற்றுகிற 'சூடான் 1' என்ற சாயம் மிளகாய்த் தூளில் கலந்திருந்ததால், 2005-ல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சிவப்பை மட்டும் பார்த்து வாங்குகிறவனுக்குச் சிவப்பைத்தான் விற்பார்கள்!

செடி வைத்திருப்பவனை அப்படி ஏமாற்ற முடியாது. பச்சை மிளகாயும் சிவப்பு மிளகாயும் ஒரே காய்தான், பழுத்தால் சிவக்கிறது என்பதை அவன் தினமும் கண்ணால் பார்க்கிறான். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் இருக்கிறது என்பது, கீறிக் கீறிப் பழகிய கைக்குத் தெரியும். அந்தக் காரம் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். தாளிப்பில் கிள்ளிப் போட்ட ஒரு மிளகாய் குழம்பு முழுவதையும் ஆள்வது அதனால்தான். நாக்கு எரியும்போது தண்ணீரைத் தேடுகிறவனைவிட மோரைத் தேடுகிறவன் புத்திசாலி.

நண்பர் கடைசி அஸ்திரத்தையும் விட்டார். "மிளகாயே அந்நியச் சரக்குதானே, ஸார்? நம்முடையது மிளகு அல்லவா?"

வாஸ்தவம். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியரோடு கப்பலேறி இங்கே வந்தது. ஆனால் மிளகுக்கொடிக்கு மலையும் மழையும் வேண்டும். மிளகாய்க்குக் கொல்லையில் ஒரு முழம் இடம் போதும். ராமநாதபுரத்து வறண்ட பூமியிலும் முண்டு மிளகாய் காய்க்கிறது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஏழை வீட்டுக் கொல்லையிலும் வளரும் என்பதால்தான் அந்நியச் செடி நம்மூர்ப் பிரஜையாயிற்று. அப்படி வீட்டுக்குள் வந்ததை மறுபடியும் கடைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு, அதை நாகரிகம் என்கிறோம்!

வற்றல் மிளகாயின் விதை நாலைத் தொட்டியில் தூவிப் பாருங்கள். இலை சுருளும், பூ உதிரும்; சுருண்ட இலையைக் கிள்ளிவிட்டுப் பொறுத்திருங்கள்.

நண்பர் அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். மோர் சாதத்துக்கு மூன்று மோர் மிளகாயைக் கடித்தார். எங்கள் செடியின் காய். என் மனைவி கீறி, உப்பு மோரில் இரவெல்லாம் ஊறவிட்டு, பகலெல்லாம் வெயிலில் காயவைத்தது.

"பிரமாதம் ஸார், எந்தக் கடையில் வாங்கினது?" என்றார்.